ஐந்து ட்யூபாக்களும் ஒரே பெட்டியும்

7 ஜூலை 2008, திங்கள்

காலை ஏழரைக்கே வெயில். பொன்னேரி பிளாட்பாரத்தில் நிழல் இருந்த இடமெல்லாம் ஆள். வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம். கவரைப்பேட்டை வரை நின்றுகொண்டே.

ட்யூபாக்கள் வந்துவிட்டன. ஐந்து மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் பீரோ அளவு. மதியம் வரை ஆணி பிடுங்கும் வேலை. உள்ளே பித்தளை வாத்தியம். மேல்நாட்டு இசைக்குழுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் அடியில் உறுமுவது. வாத்தியத்தோடு எங்களுக்குச் சம்பந்தமில்லை. அதைத் தூக்கிப் போகும் பைபர் பெட்டிதான் எங்கள் சரக்கு. பதினோரு வருடமாக நான் வரைந்தது அமிலத் தொட்டி, பஸ் இருக்கை, கழிவறைக் கதவு. இப்போது இது.

ஐந்தும் இரவல். பெட்டி வாங்கப்போகும் ஐரோப்பியக் கம்பெனி, பொருத்தம் பார்க்க அனுப்பியிருக்கிறது. 16ஆம் தேதி அவர்கள் ஆள் வருகிறார். அதற்குள் நான் அளந்து, ‘ஐந்தும் ஒரே பெட்டியில் பொருந்துகின்றன’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். ஐந்தும் ஒரே பெட்டியில் என்பது முதலாளியின் ஏற்பாடு. அளப்பது என் வேலை. அளப்பதற்கு முன்பே விடையை எழுதி வைத்துவிட்டு அளக்கச் சொல்கிறார்கள்.

பெட்டிக்கான அச்சு (மோல்டு) மே மாதமே போட்டாகிவிட்டது. வாத்தியத்தைக் கண்ணால் பார்க்காமல். மாப்பிள்ளை (முதலாளியின் மருமகன் நவீன், 29 வயது, வொர்க்ஸ் மேனேஜர். அந்தப் பதவி எனக்கென்று 2005இல் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது) ‘ஒரே பெட்டி போதும்’ என்று அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

லேமினேஷன் போர்மேன் ஹபீப் பாய், பழவேற்காட்டுக்காரர், முதல் ட்யூபாவைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

“இன்னா சார் இது, பிரியாணி அண்டாவுக்குக் கொயா வச்ச மாரி கீது.”

நான் ஏ, பி, சி, டி, ஈ என்று சீட்டு ஒட்டினேன். பாய்க்குப் பிடிக்கவில்லை. “மனுசனுக்குக் கீற மாரி பேர் வைங்க சார். எங்காளுங்க இங்கிலீஷ் எயுத்தப் பாத்தா மாத்தி வச்சுருவானுங்க.” அவரே வைத்தார். உயரமானது நெட்டை. பருத்தது குண்டு. ஒல்லியாக இருப்பது பொடிசு. மற்ற இரண்டும் ஒரே ஜாடை, அளவுதான் வேறு: அண்ணன், தம்பி.

மாலை காற்றில் இரும்பு ஆலைப் புகை. இருமல். மாத்திரை வாங்க மறந்தேன்.


8 ஜூலை, செவ்வாய்

நாள் முழுக்க அளவு. மின்சாரம் 10 முதல் 12 வரை இல்லை. அளவு நாடாவுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆகவே இன்று கம்பெனியில் வேலை செய்தவன் நான் ஒருவன்.

நெட்டை: சுருதி பி-ஃப்ளாட். உயரம் 116 செ.மீ. வாய் (சத்தம் வெளிவரும் அகன்ற முனை) 45. எடை 12½ கிலோ.
குண்டு: சி. உயரம் 99. வாய் 51. எடை 11.
பொடிசு: எஃப். உயரம் 94. வாய் 40. எடை 8½.
அண்ணன்: ஈ-ஃப்ளாட். உயரம் 100. வாய் 48. எடை 10.
தம்பி: அதே ஈ-ஃப்ளாட். உயரம் 88. வாய் 38. எடை 7½.

அண்ணனும் தம்பியும் ஒரே சுருதி, ஒரே நீளக் குழாய். ஆனால் வாயில் பத்து செ.மீ. வித்தியாசம். அண்ணனின் வாய் நெட்டையின் வாயைவிடப் பெரிது. சுருதியின் பெயரை வைத்து உருவத்தைச் சொல்ல முடியாது என்பது முதல் பாடம்.

சணல் கயிற்றைக் குழாயின் மேல் ஓட்டிப் பார்த்தேன், வால்வுச் சுருள்களை விட்டுவிட்டு. நெட்டை பதினெட்டு அடி. குண்டு பதினாறு. அண்ணன், தம்பி பதிமூன்று. பொடிசு பன்னிரண்டு. குழாய் அதிகம் நெட்டைக்கு. வயிறு பெரிது குண்டுக்கு. பாய் கயிற்றைத் தரையில் விரித்துப் பார்த்து நம்பவில்லை. “வலைக் கயிறு போட்டு ஏமாத்துறீங்க சார்.” அவரே இன்னொரு முறை ஓட்டினார். பதினெட்டு அடி இரண்டு அங்குலம்.

தையற்காரர் நாடாவால் குண்டின் அடிவளைவைச் சுற்றி அளந்தேன். என் இடுப்பைவிட அதிகம். பளபளப்பில் என் முகம் அகலமாக, தாடையெல்லாம் வீங்கித் தெரிந்தது. எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்துக்கொண்டே நின்றேன். நேர்க்கோடு ஓரிடத்திலும் இல்லை. வரைந்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு வேலை தெரியும்.

குண்டோடு வந்த கம்பெனிச் சீட்டில் 6/4 என்று இருக்கிறது, நெட்டையில் 4/4. இது பின்னமே அல்ல. செய்கிறவன் தன் இஷ்டத்துக்குச் சொல்வது. ரெடிமேட் சட்டையில் எக்ஸ்.எல். மாதிரி. ஒரு கடை எக்ஸ்.எல். இன்னொரு கடைக்கு எல். மே மாதம் மாப்பிள்ளை இதைப் பின்னம் என்று எடுத்துக்கொண்டு, நாலுக்கு நாலு ஒன்று, ஆறுக்கு நாலு ஒன்றரை என்று கணக்கிட்டு, கணினியில் வரைபடத்தை ஒன்றரை மடங்கு இழுத்து வைத்திருந்தார். ஒன்றே முக்கால் மீட்டர் பெட்டி. அதில் ட்யூபாவோடு ஊதுகிறவரையும் படுக்க வைக்கலாம். நான்தான் பிடித்தேன். ஐரோப்பியக் கம்பெனியிடமிருந்து இந்த இரண்டின் வரைபடங்களை மட்டும் வரவழைத்து, நெட்டையின் நீளம், குண்டின் அகலம் இரண்டுக்கும் சேர்த்துத் திருத்தினேன். திருத்திய வரைபடத்தில் ‘வரைந்தவர்: நவீன்’.

குறைப் பட்டியலில் இது 14வது. பட்டியல் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில். 11வதை அடித்துவிட வேண்டும் (தீபாவளி இனிப்பு, அது அற்பம்). அடிக்கவில்லை.


9 ஜூலை, புதன்

வண்டியில் பக்கத்துத் தொழிற்பேட்டை ஆள் ஒருவர்: “சார், உங்க கம்பெனிக்கு பீரங்கி வந்துகீதாமே?” ஆமாம், எங்கள் முதலாளி ஆந்திராமேல் படையெடுக்கப் போகிறார் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “தடா தாண்டுனா போதும் சார், அங்க எங்க மச்சான் ஊடு கீது.”

காலையில் பழுப்புத் தாளைத் தரையில் விரித்து ஐந்தையும் மல்லாத்திப் படுக்கவைத்து, வால்வு மேலே தெரிய, சுற்றிக் கோடு. ஐந்து தாள். வெட்டி எடுத்து ஒன்றின்மேல் ஒன்று.

நெட்டை, குண்டு, பொடிசு மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. அச்சில் உட்காரும். பொடிசுக்குப் பஞ்சு அதிகம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் எதிர்ப்பக்கம்.

முதலில் தாளைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. முதல் மூன்றில் விரல் வைக்கும் வால்வு முன்பக்கமாக இருக்கிறது. மடியில் வைத்தால் வாய் ஊதுபவரின் இடத்தோள் பக்கம் எழும்பும். அண்ணன், தம்பியில் பித்தான்கள் மேலிருந்து கீழே அழுத்துவது. வாய் வலத்தோள் பக்கம். வலது செருப்பும் இடது செருப்பும் போல. அளவு எவ்வளவு ஒத்துப்போனாலும் கால் நுழையாது.

பாய் குனிந்து பார்த்தார். “கண்ணாடில பாத்த மாரி கீது சார்.”

“அதேதான் பாய்.”

“அப்ப இன்னொரு மோல்டு போடணும்?”

“போட்டே ஆகணும்.”

“மாப்ள இன்னா சொல்லுவாரு?”

மாப்பிள்ளை என்ன சொல்வார் என்பது இயற்பியலைப் பாதிக்காது என்றேன். பாய் தலையாட்டினார். புரிந்ததால் அல்ல, நான் கோபமாக இருந்ததால்.

குறிப்பு எழுதி முதலாளியின் மேசையில் வைத்தாயிற்று. ஒன்றரைப் பக்கம், படத்துடன். இருமல் மாத்திரை வாங்கியாயிற்று.


10 ஜூலை, வியாழன்

கூட்டம் 11 மணி. முதலாளி, மாப்பிள்ளை, நான், பாய். கீழே கொட்டகையில், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு.

நான் பழுப்புத் தாள்களைக் காட்டினேன். முதலாளி இரண்டு நிமிடம் கேட்டார். மூன்றாவது நிமிடம் மாப்பிள்ளை, “அங்கிள், ஒன் மினிட்” என்று சொல்லி, இரண்டு ஆட்களை வைத்து அண்ணனைத் தூக்கி, குப்புறக் கவிழ்த்துப் பெட்டிக்குள் வைத்தார்.

உட்கார்ந்தது. கச்சிதமாக.

கவிழ்த்தால் கண்ணாடி பிம்பம் நேராகிவிடும். நேற்றே எனக்குத் தெரியும். குறிப்பில் மூன்றாவது பத்தியில் எழுதி, ஏன் கூடாது என்றும் எழுதியிருந்தேன். யாரும் மூன்றாவது பத்தி வரை போகவில்லை.

முதலாளி கைதட்டினார். “பாத்தீங்களா கோதண்டம் சார்? நீங்க ஒன்றரைப் பக்கம் எழுதுனீங்க. இவன் திருப்பிப் போட்டான்.”

“சார், பத்து கிலோவும் இப்ப வால்வு மேல நிக்குது. மல்லாந்து கிடந்தா முதுகு தாங்கும். இது மூக்கு மேல படுக்குது.”

“பஞ்சு வச்சுக்கலாம் சார்,” மாப்பிள்ளை.

“வண்டியில குலுங்குனா பஞ்சு அமுங்கும். அரை மில்லி வளைஞ்சா பிஸ்டன் இறங்காது.”

“கீழ போட்டுப் பாக்கற டிராப் டெஸ்ட்ல தெரிஞ்சுரும்ல?”

“டிராப் டெஸ்ட் நீங்க மணல் மூட்டை வச்சுத்தானே பண்றீங்க. மணலுக்கு மூக்கு ஏது?”

ஆட்களில் எவனோ சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் தப்பு. மாப்பிள்ளையின் காது சிவந்தது. முதலாளியின் குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கினால் முடிவாகிவிட்டது என்று பொருள். “தாள்ல கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க சார். டிசைன் இன்சார்ஜ்னு உங்க பேரத்தான் குடுத்திருக்கோம்.”

வரைபடத்தில் அவர் பெயர். பொறுப்பில் என் பெயர்.

போட மாட்டேன் என்றேன். எல்லோர் முன்னாலும். பழுப்புத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு மேலே என் மேசைக்கு வந்துவிட்டேன்.


11 ஜூலை, வெள்ளி

மதியம் சிறு தூறல். மண் நனையும் முன் நின்றுவிட்டது.

ஏன் போட மாட்டேன் என்று எனக்காக எழுதி வைக்கிறேன். 2003, அமிலத் தொட்டி. அடிக்குழாய் இணைப்பில் கனம் போதாது என்று எனக்குத் தெரியும். லாரி வாசலில் நிற்கிறது, போட்டுக் குடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம் என்றார் முதலாளி. போட்டேன். ஐந்து மாதத்தில் விரிசல். அடியில் நின்றிருந்த ஆளுக்குப் பாதத்தில் கொப்புளம், நல்லவேளை அதோடு போயிற்று. மெமோ யாருக்கு? எனக்கு. “நீங்கதானே சார் சைன் பண்ணீங்க?” அதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளி கூச்சம் இல்லை. போட்டது நான்தான்.

இன்னொரு முறை அந்தக் கேள்விக்கு முன்னால் வாய்மூடி நிற்கப்போவதில்லை. அவ்வளவுதான். இதில் இசை, கலை, நேர்மை எதுவும் இல்லை.

மூன்று மணிக்கு ஹபீப் பாய் டீயோடு மேலே வந்தார். அவர் மேலே வருவது வருடத்துக்கு இரண்டு தடவை.

“சார், ஒரு விசயம். கோச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க பாய்.”

“இந்த ஆர்டர் வந்தா பதினாலு பேருக்கு ஒரு வருசம் வேல சார். இல்லன்னா பாதிப் பேரு கட்டடத்துல கொளுத்து வேலைக்குப் போய்க்கினு இருப்பான். எதுக்கு பேஜாரு? ஒரு கையெயுத்து.”

“பாய், உங்க வலை கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் வித்துடுவீங்களா?”

“நான் வலை விக்கறவன் இல்ல சார். எங்கப்பா வலை வித்தாரு. கிய்ஞ்சத கிய்ஞ்சதுன்னு சொல்லித்தான் வித்தாரு.” கொஞ்சம் யோசித்து, “அதான் கடைய மூடிட்டாரு” என்றார்.

இருவரும் சிரித்தோம். டீ ஆறிப்போயிருந்தது. போகும்போது, “யோசிங்க சார்” என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பதினாலு பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.


13 ஜூலை, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நேற்று நடந்தது: மாப்பிள்ளை அண்ணனுக்கும் தம்பிக்கும் வால்வு பதியும் அளவுக்குப் பஞ்சில் குழி வெட்டச் சொன்னார். அழகாக வெட்டியிருக்கிறார்கள். அழகுதான் ஆபத்து, பார்த்தால் திட்டமிட்டுச் செய்தது போல இருக்கிறது.

காலை இட்லி. என் மனைவி வசந்தா பேப்பரைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏங்க, பதினோரு வருசமா இதே மூஞ்சோடதான் வர்றீங்க. இந்த வாரம் ஒரு சுத்து கூட உப்பிக் கீதே. இன்னா விசயம்?”

சொன்னேன். ட்யூபா என்றால் என்ன என்பதிலிருந்து. தாளில் படம் போட்டும் காட்டினேன். கவிழ்த்தால் என்ன என்று அவளும் கேட்டாள். எல்லோரும் அதே கேள்வி. சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. அப்படியே தரையில் குப்புறப் படுத்துக் காட்டினேன். கூடு நெஞ்செலும்பில் குத்தியது.

“எழுந்திருங்க, பக்கத்து ஊட்ல பாக்கறாங்க.”

எழுந்தேன். கூடு நசுங்கியிருந்தது. உள்ளே கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு காதுக்கம்பி மட்டும் வளைந்துவிட்டது. அவள் அதை நிமிர்த்திப் பார்த்தாள். நிமிரவில்லை.

“சரி, புரியுது” என்றாள். பிறகு, “காஞ்சனாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு கீது. அதையும் நெனச்சுக்கோங்க.”

மகள் படிப்பையும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நினைத்துக்கொண்டே மறுக்கிறேன். நினைக்காமல் மறுப்பது சுலபம்.


14 ஜூலை, திங்கள்

மாப்பிள்ளை என் கணினியை ‘சர்வீசுக்கு’ எடுத்துப்போயிருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி.

தட்டச்சு செய்த தாள் மேசையில் இருந்தது. ஐந்து வரிசை, ஐந்திலும் ‘பொருந்துகிறது’. கீழே என் பெயர், மேலே கோடு. கோட்டுக்கு மேல் காலி.

அதை மடித்து இழுப்பறையில் வைத்தேன். வெள்ளைத் தாளில் என் கையால் இன்னொன்று எழுதினேன். நெட்டை, குண்டு, பொடிசு: பொருந்துகிறது. அண்ணன், தம்பி: பொருந்தவில்லை. கவிழ்த்தால் அடங்கும், அப்போது பாரம் முழுவதும் வால்வுகளின் மேல். (ஆங்கிலத்தில். பெயர்களுக்குப் பதில் வாத்தியங்களின் வரிசை எண்கள்.) அதில் கையெழுத்துப் போட்டேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். கத்தரிக்காய் வேறு.


15 ஜூலை, செவ்வாய்

நாளைக்காகக் கொட்டகை கழுவப்பட்டது. வாசலில் கோலம். வரவேற்புப் பலகையில் விருந்தினர் பெயருக்கு முன் ‘மிஸ்டர்’. கடிதங்களில் முதலெழுத்துகள்தான் இருந்தன என்று ஞாபகம். சொல்லலாமா என்று நினைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

முதலாளி படிக்கட்டில் நிறுத்தினார். “தாள் ரெடியா சார்?” ரெடி சார் என்றேன். பொய் இல்லை.


16 ஜூலை, புதன்

மறக்கும் முன் எல்லாவற்றையும் வரிசையாக.

10.20க்குக் கார். மாப்பிள்ளை பூச்செண்டோடு முன்னால் ஓடி, காரிலிருந்து முதலில் இறங்கிய ஆஜானுபாகுவான ஆளின் கையில் கொடுத்தார். அவர் சென்னையிலிருந்து வந்த டிரைவர். வந்தவர் மறுபக்கம் இறங்கினார். பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும், பாயின் தோளுயரம், நரைத்த குட்டை முடி. டிரைவர் செண்டை அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் சிரித்தார். முதலாளி சிரித்தார். மாப்பிள்ளை பலகையைத் திருப்பி வைக்கப் போனார்.

கொட்டகையில் நெட்டையைப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். நல்லது. குண்டு. நல்லது. பொடிசு. பஞ்சைக் கையால் அமுக்கிப் பார்த்தார், நல்லது. மணல் மூட்டை வைத்து மேசை உயரத்திலிருந்து போட்டார்கள். மூலையில் கீறல்கூட இல்லை. பாயின் ஆட்களின் வேலை. பாய் மார்பை நிமிர்த்தினார்.

பிறகு நான்காவது பெட்டியைத் திறந்தார்கள். அண்ணன் குப்புறக் கிடந்தது.

அந்த அம்மா குனிந்து, வால்வு இருக்கும் பக்கம் விரலை நுழைத்துத் துழாவினார். நிமிர்ந்து கேட்டார்: இவற்றை அளந்தவர் யார்?

முதலாளி தாள் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது என்றார். மாப்பிள்ளை டீ சாப்பிடலாமா என்றார். நான் நாலடி தள்ளி, தூணோரம். நடந்துபோய்ப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. எழுதும்போது சின்னதாக இருக்கிறது.

படித்தார். இரண்டு தடவை. பிறகு இரண்டு ஆட்களை வைத்து அண்ணனை வெளியே எடுக்கச் சொல்லி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். வாய் வலத்தோள் மேலே. கைப்பையிலிருந்து ஊதுமுனையை எடுத்தார். அவரே ஊதுபவர் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஊதினார். ஒரே ஒரு நீண்ட சுரம். தகரக் கூரை அதிர்ந்தது. என் காதில் அல்ல, வயிற்றில் கேட்டது. பாலிஷ் மெஷினை யாரோ நிறுத்தினார்கள். பின்னாலிருந்து பாய் கிசுகிசுத்தார்: “எண்ணூர்ல கப்பல் ஊதுன மாரியே கீது சார்.”

அது அவருடைய சொந்த வாத்தியம். பத்தொன்பது வருடமாக அவரிடம் இருக்கிறதாம். கடிதத்தில் சொல்லவில்லை. பித்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, விட்டு, அழுத்திப் பார்த்தார். நான்கும் எழுந்தன. மாப்பிள்ளை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“இன்றைக்கு எழுகிறது,” என்றார் அம்மா ஆங்கிலத்தில். “விமானத்தில் போய் வந்த பிறகு எழாது.”

முடிவு: நெட்டை, குண்டு, பொடிசு வகைக்கு ஆர்டர் உறுதி. அண்ணன், தம்பி வகைக்குச் செப்டம்பர் முடிவதற்குள் சரியான மாதிரிப் பெட்டி காட்டினால் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு இடம். என் தாளைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். எனக்குக் கை கொடுத்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் போனதும் அவர் சொன்னது: “கம்பெனி மானத்த வாங்கிட்டீங்க.” நான் காப்பாற்றியது அதைத்தான் என்று பதில் மனதில் வந்தது. நல்ல பதில். வண்டி கவரைப்பேட்டை தாண்டியபோதுதான் வந்தது.


17 ஜூலை, வியாழன்

கணினி வரவில்லை. நாற்காலியும் போயிருந்தது. ஸ்டோரிலிருந்து ஒரு ரெசின் டிரம்மை உருட்டி வந்து கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

பாதி ஆர்டர், ஆகவே பாதி ஆட்கள். பதினாலில் ஏழு பேரைத் திங்கள்முதல் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அறிவிப்பில் காரணம் போட்டிருக்கிறார்கள்: ‘டிசைன் பிரிவின் ஒத்துழைப்பின்மை’.

நாஷ்டா நேரத்தில் கீழே போனேன். பாய் ஒருவர்தான் வாய் திறந்தார்.

“நீங்க சொன்னது கரீட்டு சார். அந்தம்மாவே சொல்லிருச்சு. கரீட்ட வச்சுக்கினு இன்னா பண்றது, சொல்லுங்க? இவன் ஊட்ல போய் அத்த சொல்லி ஒல வைக்க முடியுமா?”

அவர் காட்டிய ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு பாய். இன்னொரு மோல்டு போட்டா நிறுத்துன ஏழு பேரும் வேணும். இருக்கற ஏழு பேரு பத்தாது.”

“போடுவாங்களா?”

“போட்டா மாப்பிள்ளை தப்புன்னு ஆயிடும்.”

“அப்ப போடமாட்டாங்க.” நாஷ்டா பொட்டலத்தைச் சுருட்டி எறிந்தார். “உங்களுக்கு ரோசம். அவங்களுக்கு ரோசம். நடுவுல எங்காளுங்க சார்.”

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான ஒருவர் மேல் வரும் கோபத்துக்குப் போக இடம் இல்லை. மேலே வந்து டிரம்மில் உட்கார்ந்து, பழுப்புத் தாள்களை எடுத்து, அண்ணன், தம்பி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். தம்பி அண்ணனுக்குள் முழுதாக அடங்குகிறது. சுற்றிலும் ஐந்தாறு செ.மீ. பஞ்சு. ஒரே அச்சில் இரண்டும். வேலைநாள் கணக்குப் போட்டேன்: மர மாதிரிக்கு எட்டு, அச்சுக்கு ஒன்பது, முதல் பெட்டிக்கு ஐந்து.

இருபத்திரண்டு நாள்.


18 ஜூலை, வெள்ளி

வெயில். வண்டி சரியான நேரம்.

10 மணிக்கு முதலாளி அறைக்கு அழைப்பு. மாப்பிள்ளையும் இருந்தார், போனை நோண்டிக்கொண்டு. மேசையில் தட்டச்சு செய்த கடிதம். சொந்தக் காரணங்களை முன்னிட்டு நான் விலகிக்கொள்கிறேனாம். என் சொந்தக் காரணங்கள் அவர்களுக்கு எப்படித் தெரிந்தன?

முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். “போட்டுக் குடுத்துட்டு மரியாதையாப் போயிடலாம் சார்.”

பேனாவை எடுத்தேன். கடிதத்தை முழுதாகப் படித்தேன். ‘மனமுவந்து’ என்று ஒரு சொல் இருந்தது.

“இந்த மாசத்துல ரெண்டாவது தடவை என் கையெழுத்து கேக்கறீங்க சார். முதல் தடவை என்ன சொன்னேனோ அதேதான். அனுப்பணும்னா நீங்க எழுதி அனுப்புங்க. காரணத்தையும் நீங்களே எழுதுங்க. நான் எழுதித் தரமாட்டேன்.”

முதலாளி மேசையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் குதித்தது. “இன்னாதான்யா வேணும் உனக்கு?”

பதினோரு வருடத்தில் முதல் ‘உனக்கு’. அந்தக் கேள்வியும் பதினோரு வருடத்தில் முதல் தடவை. எத்தனை ராத்திரி இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன். பதவி, மன்னிப்பு, பெயர்.

“ரெண்டாவது அச்சு” என்றேன். “வலப்பக்க வாய்க்கு. ஒரே அச்சுல ரெண்டு அளவும் அடங்கும், வரைஞ்சிருக்கேன். இருபத்திரண்டு நாள் போதும். அந்த ஏழு பேரையும் திங்கக்கிழமை வரச்சொல்லுங்க.”

வேலைநாள் கணக்கு எழுதிய தாளை மேசையில் வைத்தேன், கடிதத்தின் மேலேயே.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்தார். முதலாளியின் கண் ஒரு தடவை தாளுக்கு இறங்கி, இருபத்திரண்டில் நின்று, மேலே ஏறியது. நான் எழுந்து வந்து டிரம்மில் உட்கார்ந்தேன். ஐந்தரை வரை யாரும் வரவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். பையில் முதலாளியின் பேனா. தடித்தது, தங்க மூடி. திருப்பிக் கொடுப்பதாக இல்லை. இதை அதில்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது.